படியளந்த மரக்கால்

எகிப்து அரசர்களுக்குக் கல்லறை கட்டியவர்கள் யார் என்று கேட்டால், 'அடிமைகள்' என்று சட்டென்று சொல்லிவிடுவோம். சினிமா அப்படிக் காட்டியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றியும் பலருக்கு அதே நினைப்புதான்: பக்தி ராஜாவுக்கு, சாட்டையடி வேலைக்காரனுக்கு. டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நைலின் மேற்குக் கரையில் டெய்ர் எல்-மதீனா என்று ஓர் ஊர். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கைவினைஞர்கள் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். மாதக் கூலி கோதுமையும் பார்லியும். மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலி வராமல் போனது. வேலையைப் போட்டுவிட்டுப் போய்க் கோயில்களின் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். அடிமைகளுக்கு இது நடக்கிற காரியமா?

அவர்கள் கும்பிட்ட சாமிகளில் ஒன்று அரண்மனையிலிருந்து வந்ததில்லை. ஊருக்கு மேலே நிற்கும் மலையில் குடியிருந்தவள் மெரெத்செகெர். நம் வேப்பமரத்தடி நாகம்மனைப் போல ஒரு நாக தேவதை. நேபெராபு என்ற தொழிலாளி, தான் செய்த தப்புக்கு அவள் தண்டித்ததையும், மன்றாடியதும் மனம் இரங்கியதையும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார். சென்னெட்ஜெம் என்பவர் தனக்கென்று கட்டிய கல்லறையின் ஓவியத்தில், மறுமையில் அவர் ஏர் உழுகிறார். மனைவி பின்னால் விதைத்துக்கொண்டு வருகிறார். சுற்றிலும் வாய்க்கால் ஓடுகிறது. நம் காவிரி டெல்டாக்காரர்களுக்கு அந்த சொர்க்கத்தை விளக்கவே வேண்டாம்.

இப்போது நம் கோயில் சுவருக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனுக்கும் அது 29ஆம் ஆட்சியாண்டுதான், கி.பி. 1014. கோயில் ஊழியர்களின் நீண்ட பட்டியல் ஒன்று கல்லில் இருக்கிறது. கல் இழுத்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை. ஆனால் தச்சர், தையற்காரர், குயவர், வண்ணார், மேளக்காரர், கணக்கர் எல்லாம் இருக்கிறார்கள். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் மட்டும் 400 பேர், வீட்டு வரிசைப்படி. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில், அதாவது தென்வரிசையில், முதல் வீடு, திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கைக்கு. இவர்களை மற்றக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றியது அரசாணை. போக மனமிருந்ததா என்று அவர்களைக் கேட்டதாகக் கல்லில் ஒரு வரி இல்லை. அது என்னை உறுத்துகிறது.

கூலி எப்படி? ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 கலம் நெல். பங்குக்காரர் இறந்தால் நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதியில்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அவரே அமர்த்த வேண்டும். நெல்லை அளந்த மரக்காலின் பெயர் 'ஆடவல்லான்'. கூத்தாடும் சிவனின் பெயர். படியளக்கிறவன் ஆண்டவன் என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை, இவர்கள் களத்தில் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள்.

திருப்பதியம் பாட 48 பேர், கூட வாசிக்க இரண்டு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். கோயில் நிர்வாகத்தைக் கவனித்த ஆதித்தன் சூரியன் என்ற அதிகாரி சம்பந்தர், அப்பர், சுந்தரர், பரவை, சிறுத்தொண்டர் ஆகியோருக்குச் செப்புத் திருமேனிகள் செய்து வைத்தார். அரசனின் கொடைகள் பதிந்த அதே கோயிலில், அந்தத் திருமேனிகளின் உயரமும் முழம், விரல் கணக்கோடு வெட்டப்பட்டிருக்கிறது.