எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: தேதி குறிக்கும் முன்

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்தார் புதுச்சேரி இளைஞர் ஒருவர். ஆபரேஷன் தியேட்டரிலேயே நிலைமை மோசமானது. வேறு மருத்துவமனைக்கு மாற்றியும் காப்பாற்ற முடியவில்லை. அரசு அமைத்த குழு விசாரித்தது. அவசர நிலையைச் சமாளிக்கத் தேவையான வசதிகள் போதவில்லை என்ற அடிப்படையில் அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.

இப்படியொரு செய்தி வந்ததும் ‘அந்த ஆபரேஷனே ஆகாது’ என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால், உண்மை அப்படி இல்லை. நல்ல மையங்களில் இந்தச் சிகிச்சையின்போதும் அதையடுத்த வாரங்களிலும் இறப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர் முதல் மூன்று பேர் வரைதான். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வு, அறுவை செய்துகொண்ட பருத்த உடலினர், செய்துகொள்ளாதவர்களைவிடச் சராசரியாக 3 ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததைக் காட்டியது. நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜேட்லி 2014-லும் இதைச் செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அவர்களில் மிகச் சிலருக்கே அறுவை தேவைப்படும். அந்தச் சிலருக்கு அது உயிர்காக்கும் வழி.

கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று என்கிற அந்த எண், பல வாரங்கள் நோயாளியைத் தயார்செய்த பிறகே கத்தியை எடுக்கும் மையங்களிலிருந்து வந்தது. முதல் சந்திப்பிலேயே ‘அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து அட்மிட் ஆகிடுங்க, ஆஃபர் இந்த மாசம்தான்’ என்று சொல்கிற இடத்துக்கு அந்த எண் பொருந்தாது.

இரண்டு முறைகள் அதிகம் செய்யப்படுகின்றன. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படும். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். வெட்டியதை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டு, அது நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படும். ஏற்கெனவே கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் செய்தால் அது கூடலாம். பைபாஸில் சத்துக்குறைவு அதிகம் வரும். ஆகவே, எந்த முறை என்பதை விலைப்பட்டியல் தீர்மானிக்கக் கூடாது. எண்டோஸ்கோபியும் ரத்தப் பரிசோதனைகளும்தான் தீர்மானிக்க வேண்டும்.

உடலைத் தயார்செய்வதில் பலர் அலட்சியம் காட்டுவது அறுவைக்கு முந்தைய இரண்டு வார உணவில்தான். ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 கலோரி வரைதான் எடுக்கச் சொல்வார்கள். இது மனவுறுதிக்கு வைக்கும் பரீட்சை அல்ல. பருத்தவர்களில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது வீங்கியிருக்கும். அதன் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். சிறு துளைகள் வழியாகக் கருவிகளை நுழைத்து வேலை செய்யும் மருத்துவர் அந்த மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையை அடைய வேண்டும். கல்லீரல் சுருங்கினால் இடம் கிடைக்கும். காயமும் ரத்தக்கசிவும் குறையும். ‘இனிமேல்தான் சாப்பிட முடியாதே’ என்று முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டார் பிரியாணி போட்டு வழியனுப்புவது பாசம்தான். ஆனால், அந்தப் பாசத்தின் விலை அறுவை மேசையில் தெரியும்.

சர்க்கரை நோயாளிகள் இந்த உணவைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. சாப்பாடு பாதியாகும்போது மாத்திரையும் இன்சுலினும் அதே அளவில் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து அவற்றில் உண்டு. 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு அறுவைக்கு வருகிறவர்கள், அதை மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்கக் கூடாது. அந்த ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி கிடந்தும் உள்ளே உணவு தங்கியிருந்தால், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்பு உண்டு.

குறட்டை பற்றியும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்ல வேண்டும். நோயாளிக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது பருத்தவர்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. மயக்க மருந்தோடும் வலி மருந்தோடும் சேரும்போது அது ஆபத்தாகிறது. அதனால், மயக்க மருந்து நிபுணரைப் பார்க்கும்போது கணவனோ மனைவியோ கூடப் போவது நல்லது. தேவைப்பட்டால், தூக்கத்தில் மூச்சு நிற்காமல் காக்கும் சி-பேப் கருவியைச் சில வாரங்கள் முன்பே பழகிக்கொள்ளச் சொல்வார்கள். சிகரெட், பீடி எல்லாவற்றையும் குறைந்தது 6 வாரம் முன்பே விட வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் மறுபடி புகைத்தால் இணைப்பில் புண் வரும்.

குழந்தையில்லாததற்கு எடைதான் காரணம் என்று சொல்லி மருமகளை அழைத்துவரும் குடும்பங்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் கூடாது. எடை இறங்கத் தொடங்கியதும் நின்றுபோன மாதவிடாய் திரும்பும். எதிர்பாராமல் கருத்தரிக்கவும் கூடும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை முழுதாக நம்ப முடியாது என்பதால் மாற்று வழியை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். அந்தப் பேச்சில் மாமியார் இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

அறுவை முடிந்த முதல் சில நாட்களில் வெறும் 30 மில்லி தண்ணீரை, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு உறிஞ்ச வேண்டியிருக்கும். இரண்டு வாரம் தெளிந்த ரசம், மோர், பருப்புத் தண்ணீர், பிறகு மசித்தது, அதன் பிறகே இட்லி. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்; ஒரு இட்லியில் 2 கிராம் அளவு. நமது சாப்பாட்டுத் தட்டில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் இடைவெளி விடுவது, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்வது ஆகியவற்றை அறுவைக்கு ஒரு மாதம் முன்பே பழக வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. அவற்றுக்கு மாதாமாதம் ஆகும் செலவையும் பேக்கேஜ் தொகையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

மனத்தின் கணக்கு இன்னும் சிக்கலானது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அறுவை செய்துகொண்ட 8,815 பேரை, அறுவைக்கு 3 ஆண்டு முன்பும் 3 ஆண்டு பின்பும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்த நிகழ்வுகள் அறுவைக்குப் பின் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருந்தன. 2016-ல் வெளியான அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நடந்தவை. ஊரே பாராட்டும் முதல் ஆண்டு கடந்து, எடை இறங்குவது நின்று, மருத்துவமனைக்குப் போவதும் குறைந்துவிட்ட காலம் அது.

கால்பந்து வீரர் டியேகோ மரடோனா 2005-ல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டார். மெலிந்து வந்த அவரைப் பார்த்து உலகம் வியந்தது. 2007-ல் மதுப்பழக்கத்தால் கல்லீரல் பாதித்து மருத்துவமனையில் கிடந்தார்; பின்னர் எடையும் திரும்பிவந்தது. பைபாஸுக்குப் பின் மது வேகமாக ரத்தத்தில் ஏறும். சோறு தந்த ஆறுதல் பறிபோன பிறகு சிலர் குடிக்குள் போவதை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. ஆகவே, ‘எதற்காகச் சாப்பிடுகிறோம்’ என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் தேட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில், என்ன சாப்பிட்டோம் என்பதோடு அப்போது என்ன மனநிலை என்பதையும் எழுதினாலே போதும். இரவு பதினொரு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறந்தது பசிக்காகவா, அலுவலகத்தில் வாங்கிய திட்டுக்காகவா என்பது தெரிந்துவிடும்.

உளவியல் மதிப்பீடு என்றதும் ‘நான் என்ன பைத்தியமா?’ என்று சிலர் கோபிக்கிறார்கள். அங்கே யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. மன அழுத்தமோ குடியோ கட்டுப்பாடற்ற தீனியோ இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை, பிறகு அறுவை. அவ்வளவுதான். எடை குறைந்தால் வரன் அமையும் என்ற எதிர்பார்ப்போடு வருகிறவர்களிடம், தொங்கும் தோலைப் பற்றியும் மூன்றாவது மாதத்திலிருந்து கொட்டக்கூடிய தலைமுடியைப் பற்றியும் (பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்) பேசவேண்டிய இடமும் அதுதான். கல்யாண வீட்டில் நான்கு பேர் ‘என்னம்மா, சுகரா? இப்படி இளைச்சுட்டே?’ என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்பதை முன்பே யோசித்துவைக்கலாம். மனம் தாளாத நேரத்தில் அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

இனி உரிமைகள். அறுவைக்கு முந்தைய இரவு, நர்ஸ் ஒரு அட்டையில் ஏழெட்டுத் தாள்களைச் செருகிக்கொண்டு வருவார். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். ‘இங்கே, இங்கே, அப்புறம் இங்கே’ என்று பேனா முனை காட்டிய இடங்களில் கையெழுத்து விழும். இது சம்மதம் ஆகாது. சமீரா கோஹ்லி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், ஆபத்து ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிய பிறகு தரப்படுவதே செல்லுபடியாகும் சம்மதம் என்று தீர்ப்பளித்தது. படிவத்தை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்தவரை வைத்துப் படித்துப் பார்க்கலாம். இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது.

கேட்கவேண்டிய கேள்விகளில் தலையாயது ஐ.சி.யூ. பற்றியது. அதே கட்டடத்தில் இருக்கிறதா, வெண்டிலேட்டர் உண்டா, இரவு இரண்டு மணிக்கு வயிறு வலித்தால் வந்து பார்க்கப்போவது யார்? இந்த மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்கு இதே அறுவையைச் செய்திருக்கிறார்? கேட்டால் கோபிப்பவரிடம் வயிற்றைக் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மருத்துவமனைகள் 1997-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவுசெய்திருக்க வேண்டும்; அந்தச் சான்றிதழையும் கேட்டுப் பார்க்கலாம். ‘கத்தியின்றி ஒரே மாதத்தில் 20 கிலோ’ வகை மருந்து விளம்பரங்களோ, 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின்படி குற்றம். உடல் பருமன் அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது.

காப்பீட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆசிய உடல்வாகுக்கு ஆபத்து முன்னதாகவே வருவதால், வேறு நோய் இல்லாவிட்டாலும் பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்) 37.5 இருந்தால் அறுவை செய்யலாம் என்று இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கருதிவந்தார்கள். 2022-ன் சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5 என்றே சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவிதியோ 40-ல் நிற்கிறது. 35 என்றால் கட்டுப்படாத சர்க்கரை, இதய ரத்தக்குழாய் நோய், கடும் தூக்க மூச்சுத்தடை போன்றவற்றில் ஒன்று கூடவே இருக்க வேண்டும். உணவு, உடற்பயிற்சி போன்ற எளிய முயற்சிகள் பலிக்கவில்லை என்பதும் தெரிய வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமும் 103 கிலோ எடையும் உள்ள ஒரு பெண், வேறு நோய் இல்லையென்றால், மருத்துவக் கணக்கில் தகுதியானவர். பாலிசிக் கணக்கில் இல்லை. எனவே டயட் சீட்டு, தூக்கப் பரிசோதனை, சர்க்கரைக்கான ஹெச்பிஏ1சி பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் தேதியோடு கோப்பில் வைக்க வேண்டும். பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் புகார்; 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

வீடு திரும்பிய பிறகு நாடித்துடிப்பு 120-க்கு மேல் ஏறினாலோ, காய்ச்சல், தோள்வரை பரவும் வயிற்று வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தாலோ, ‘கேஸ்தான்’ என்று இஞ்சிச் சாறு குடித்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தையல் கசிவும் ரத்தக்கட்டியும்தான் இந்த அறுவையில் உயிரைப் பறிப்பவை. ஓயாத வாந்தியும் அவசரமே. தயமின் சத்துக் குறைந்தால் மூளை பாதிக்கும்.

தவறு நடந்துவிட்டதாகத் தோன்றினால் முதல் வேலை சிகிச்சை ஆவணங்களை எழுத்துமூலம் கேட்பது. 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. மரணத்தில் சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலை வாங்கிவிட்டுப் பிறகு நிரூபிப்பது மிகக் கடினம். மருத்துவமனை வசதிக் குறைபாடு பற்றி மாவட்டத்தின் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் புகார் தரலாம். இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. அங்கே போவதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகல் மூன்றையும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.