பாம்பு எலியைத் தொட மாட்டேங்குதா? வாயைப் பிளந்து திணிக்காதீங்க!

சென்னை,

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ் வளர்த்த வீடுகளில் இப்போது பாம்பும் நுழைந்து விட்டது. கண்ணாடித் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் 'பால் பைத்தான்' என்ற குட்டை மலைப்பாம்புதான் பலருடைய சாய்ஸ். பெயரைப் பார்த்து பால் குடிக்கும் என்று நினைத்து விடாதீர்கள். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக் கொண்டு பந்து மாதிரி சுருண்டு விடும். அந்தப் 'பால்' இங்கிலீஷ் 'பால்'.

வாங்கி வந்த கொஞ்ச நாளிலேயே தலைவலி ஆரம்பம். "எலியைப் போட்டா திரும்பிக் கூட பார்க்க மாட்டேங்குது... செத்துடுமோ?" என்று வீடே பதறுகிறது. ஒருத்தர் "வாயைத் திறந்து உள்ளே தள்ளு" என்பார். இன்னொருத்தர் "பாலும் முட்டையும் வை" என்பார். ரெண்டுமே தப்பு. பால் பாம்புக்கு ஜீரணமே ஆகாது. புற்றுக்கு ஊற்றுவது பக்தி, அது வேறு விஷயம். வாயைப் பிளந்து திணித்தால் தாடை கிழியும், பல் உடையும், பயத்தில் அடுத்த வேளையும் சாப்பிடாது. பட்டினியை விட இந்த வைத்தியம்தான் ஆபத்து.

பட்டினி கிடக்கப் பிறந்தது

பாம்புக்கு நம்மைப் போல மூணு வேளை சாப்பாடு தேவையில்லை. நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைக்கவே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு கிடையாது. வெளியில் இருக்கும் சூட்டை வைத்தே காலம் தள்ளும். ஒரு எலி உள்ளே போனால் வாரக்கணக்கில் தாங்கும்.

பால் பைத்தானுக்குச் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் வாழ்வது. வளர்ந்த ஆண் பாம்பு இனச்சேர்க்கை சீசனில் மாதக்கணக்கில் கூட வாயைக் கட்டி விடும். குட்டிக்கு வாரம் ஒரு தடவை, பெரிசுக்கு ரெண்டு, மூணு வாரத்துக்கு ஒரு தடவை இரை போதும்.

அதனால் நாளை எண்ணிக் கொண்டு இருக்காதீங்க, எடையைப் பாருங்க. சமையல்கட்டு டிஜிட்டல் தராசு போதும். வாரம் ஒரு நாள் நிறுத்து நோட்டில் எழுதி வைக்கணும். ஒன்றரை கிலோ பாம்பு 50 கிராம் குறைந்தால் கவலை இல்லை. 150 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். குட்டிகளுக்கு இவ்வளவு தாக்குப்பிடிக்கிற சக்தி கிடையாது, அதை முன்னாடியே கவனிக்கணும்.

ஏ.சி. ரூம் வேண்டாம்

சாப்பிடாத பாம்புக்கு முதலில் பார்க்க வேண்டியது சூடு. தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறு பக்கம் 26 டிகிரி இருக்க வேண்டும். எது வேண்டுமோ அதைப் பாம்பே தேடிப் போய்க் கொள்ளும். உடம்பு குளிர்ந்தால் ஜீரணம் நின்று விடும். அதை மீறி விழுங்கினால் வயிற்றுக்குள் எலி அழுகி, அப்படியே வெளியே கக்கும். அது பாம்புக்குத் தெரியும், அதனால்தான் தொடுவதில்லை.

படுக்கையறையில் 24 டிகிரியில் ஏ.சி. போட்டு, பக்கத்தில் பாம்புத் தொட்டியை வைத்து விட்டு "ஏன் சாப்பிடலை?" என்று கேட்டால் அது என்ன செய்யும்? மே மாத வெயிலில் இதற்கு நேர்மாறு. தொட்டி முழுக்க 35-ஐத் தாண்டினாலும் இரை எடுக்காது, உயிருக்கும் ஆபத்து. கையை வைத்துப் பார்த்து "சூடாத்தான் இருக்கு" என்று சொல்வது உதவாது. தெர்மாமீட்டர் உள்ளேயே இருக்கணும். ஹீட்டிங் பேட் வைத்தால் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லாவிட்டால் வயிறு வெந்து விடும்.

அடுத்தது ஒளிந்து கொள்ள இடம். உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வைத்தால் போதும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. உடம்பு நாலு பக்கமும் உரசுகிற மாதிரி சின்னதாக இருந்தால்தான் அதற்கு தைரியம். புதுசாக வந்த பாம்பை ஒரு வாரம் தொடவே கூடாது. பசங்க கண்ணாடியைத் தட்டுவதையும், விருந்தாளி வந்தால் தூக்கிக் காட்டுவதையும் நிறுத்துங்க.

கண் பால் நிறமாக மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது பெரும்பாலும் சாப்பிடாது. உரித்து முடிக்கட்டும்.

எலியைக் கொடுக்கும் விதம்

உயிர் எலியைப் போட்டு விட்டுப் போய் விடாதீங்க. பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறி விடும். சாக்கடை எலியும் வேண்டாம். எலி மருந்து சாப்பிட்டு வந்திருக்கும், புழுவும் இருக்கும்.

உறைய வைத்த எலியை ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்து இளக விட்டு, பிறகு கவரில் போட்டு சுடு தண்ணியில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வரணும். இந்தப் பாம்பின் உதட்டு ஓரத்தில் சின்னச் சின்ன குழிகள் இருக்கும். சூட்டை உணர்வது அதில்தான். ஜில்லென்று இருக்கும் எலி அதற்கு ஒரு பொருளே இல்லை. வேக வைக்கவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது.

இருட்டிய பிறகு, நீளமான இடுக்கியில் பிடித்து மெதுவாக அசைத்துக் காட்டுங்க. பாம்பின் நடு உடம்பு பருமனுக்கு மேல் எலி பெரிதாக இருக்கக் கூடாது. எடுக்கவில்லையா? ராத்திரி உள்ளேயே விட்டு விட்டு, காலையில் எடுத்துப் போட்டு விடுங்க. ஒரு வாரம் கழித்து மறுபடி முயற்சி. தினமும் நீட்டினால் வெறுப்புதான் வரும். முன்னே வளர்த்தவர் சுண்டெலி கொடுத்தாரா, பெரிய எலியா என்று விசாரிப்பதும் நல்லது. பழகினதை மட்டும் தின்னும் அடம் இதற்கு உண்டு. சாப்பிட்ட பிறகு ரெண்டு நாள் தூக்காதீங்க.

எங்கிருந்து வந்த பாம்பு?

2023 ஜனவரியில் பாங்காக்கில் இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு வந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள் பிடிபட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து வந்த பெண் பயணியிடம் 22 பாம்புகள் சிக்கின. தண்ணி இல்லாமல் டப்பாவில் அடைபட்டு வரும் பாம்பு சாப்பிட மறுப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கு? ரசீது, பேப்பர் இல்லாமல் கைமாறும் பாம்பை வாங்கினால் காசும் போகும், கேசும் வரும். 2024-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, இந்த வகை வெளிநாட்டுப் பாம்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்தாகணும்.

நம்ம ஊர் பாம்பு பக்கமே போகாதீங்க. வயலில் பிடித்த மலைப்பாம்புக் குட்டியை டிரம்மில் வளர்த்தால், 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி 3 முதல் 7 வருஷம் ஜெயில், குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் அபராதம். காட்டுப் பாம்பு அடைத்து வைத்தால் லேசில் சாப்பிடாது. வடநெம்மேலியில் லைசென்ஸ் வாங்கி விஷம் எடுக்கும் இருளர் கூட்டுறவு சங்கமே, பாம்பைச் சில வாரம் வைத்திருந்து விட்டு மறுபடி காட்டில்தான் விடுகிறது. உங்கள் கையில் அப்படி ஒன்று இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்து விடுங்க.

எப்போது டாக்டர்?

வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் நுரை, கர்கர் சத்தம் - இது நுரையீரல் தொற்று. வாய்க்குள் சிவப்புப் புள்ளி, மஞ்சள் சீழ் தெரிந்தாலும், தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் பொடி மாதிரி உண்ணி மிதந்தாலும், எலியைக் கக்கினாலும் காத்திருக்கக் கூடாது. குழாய் வழியாக இரை செலுத்துவது கடைசி வழி, அதை டாக்டர் மட்டுமே செய்யணும்.

எல்லா நாய் டாக்டரும் பாம்பைத் தொட மாட்டார்கள். ஊர்வன பார்க்கிறவர் யார் என்று பிரச்சினை வருவதற்கு முன்னாடியே விசாரித்து வையுங்க. கொண்டு போகும்போது பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டி, காற்றுத் துளை போட்ட டப்பாவில் வைக்கணும். எடை எழுதின நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்க. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.