பெருவிரல் சுளுக்கா? பொறுத்திருந்து பார்க்காதீர்கள்

சைக்கிளால் விழுந்து எழும்பிய ஒருவரிடம் நாம் முதலில் கேட்பது தலையில் அடிபட்டதா, கால் முறிந்ததா என்பதைத்தான். பெருவிரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று அவர் சொன்னால், "அது சுளுக்கு, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்லி விட்டுவிடுகிறோம். பல வேளைகளில் அது சரியாகிவிடுவதும் உண்மைதான். ஆனால் சில வேளைகளில் அந்த வீக்கத்துக்குள்ளே ஒரு சிறிய இணைப்பு நார் முற்றாக அறுந்து கிடக்கும். அதைக் கண்டறிந்து இலகுவாகச் சரிசெய்ய நமக்குக் கிடைப்பது முதல் இரண்டு மூன்று வாரங்கள்தான். அந்தக் காலம் தவறினால் ஒரு போத்தல் மூடியைத் திறப்பதுகூட நிரந்தரச் சிரமமாகிவிடலாம்.

லண்டனில் ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓடும் எங்கள் குழுவில் ஒருவருக்கு 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் இது நேர்ந்தது. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடையொன்றில் காசாளராக வேலை பார்ப்பவர். அவரோடு கூடவே இருந்து நாங்கள் அறிந்துகொண்டவற்றையும், கை சிகிச்சை பற்றி ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெருவிரல் செய்யும் வேலை

ஐந்து விரல்களில் ஒன்றுதானே என்று பெருவிரலை எண்ணிவிட முடியாது. உடற்குறைபாட்டை மதிப்பிட அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிட்டுள்ள வழிகாட்டி, கையின் மொத்தப் பயனில் 40 வீதத்தைப் பெருவிரலுக்கே ஒதுக்குகிறது. மற்ற நான்கு விரல்களையும் எதிர்கொண்டு நின்று ஒரு பொருளைக் கவ்விப் பிடிக்க உதவுவது அதுதான். திறப்பைத் திருப்புவது, பொத்தான் பூட்டுவது, பேனா பிடிப்பது, சோற்றைக் குழைத்து வாயில் வைப்பது என எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

விழும்போது என்ன நடக்கிறது?

நகத்திலிருந்து எண்ணினால் பெருவிரலின் இரண்டாவது மூட்டு, விரல் உள்ளங்கையைச் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த மூட்டின் இரு பக்கத்திலும் லிகமென்ற் எனப்படும் இணைப்பு நார்கள் எலும்புகளைப் பிணைத்து வைத்திருக்கின்றன. சுட்டுவிரல் பக்கமாக உள்ள நார்தான் நாம் எதையாவது கிள்ளிப் பிடிக்கும்போது விரல் வெளிப்பக்கம் சாய்ந்துவிடாமல் தாங்குகிறது.

சைக்கிளால் விழும்போது கை இன்னமும் ஹான்டிலைப் பிடித்திருந்தால், அல்லது விரித்த உள்ளங்கையை நிலத்தில் ஊன்றினால், பெருவிரல் வெளிப்பக்கமாக வலிந்து வளைக்கப்படுகிறது. அந்த இழுவையில் இந்த நார் நீண்டு போகலாம், பாதி கிழியலாம், அல்லது முற்றாக அறுந்து போகலாம். சில வேளை நார் அறாமல், தான் ஒட்டியிருந்த எலும்பில் ஒரு சிறு துண்டையே பெயர்த்துக்கொண்டு வரும்.

பனிச்சறுக்கு விளையாடுவோர் கையில் கோலுடன் விழும்போதும் இதே காயம் ஏற்படுவதால், இங்குள்ள வைத்தியர்கள் இதைப் பனிச்சறுக்குப் பெருவிரல் என்கிறார்கள். இதற்கு இன்னொரு பழைய பெயரும் உண்டு. ஸ்கொட்லாந்தில் வேட்டைக்காடுகளைப் பராமரித்த காவலர்கள், பிடிபட்ட முயல்களின் கழுத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து முறிப்பார்கள். பல ஆண்டுகள் இப்படிச் செய்ததால் அவர்களின் நார் தளர்ந்துபோனதை 1955இல் கம்பெல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எழுதி வைத்தார். அதிலிருந்து இது வேட்டைக்காவலர் பெருவிரல் என்றும் அழைக்கப்பட்டது.

காலம் ஏன் முக்கியம்?

1962இல் சுவீடனைச் சேர்ந்த பெர்ட்டில் ஸ்டேனர் என்ற வைத்தியர் ஒரு முக்கியமான விடயத்தை விளக்கினார். நார் முற்றாக அறும்போது, அறுந்த முனை சில வேளை மேலே சுருண்டு, பக்கத்திலுள்ள தசையின் தட்டையான சவ்வுக்கு வெளியே வந்துவிடுகிறது. நார் ஒரு பக்கம், அது ஒட்ட வேண்டிய எலும்பு மறுபக்கம், இடையிலே ஒரு திரைபோல அந்தச் சவ்வு. இந்த நிலையில் எத்தனை மாதம் கட்டுப்போட்டு ஓய்வு கொடுத்தாலும் நார் தானாக ஒட்டாது. சத்திரசிகிச்சை ஒன்றே வழி.

முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் என்றால் அறுந்த நாரையே இழுத்து எலும்பில் பொருத்திவிடலாம். நாட்கள் போகப் போக அது சுருங்கித் தழும்பாகிவிடும். பின்னர் வேறோர் இடத்திலிருந்து நார் எடுத்து வைத்துத் தைக்க நேரலாம். அதையும் செய்யாமல் விட்டால் கிள்ளிப் பிடிக்கும் பலம் குறைந்து, காலப்போக்கில் மூட்டுத் தேய்வும் வலியும் வரக்கூடும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

பெருவிரலின் அடியில், சுட்டுவிரல் பக்கமாக வலியும் வீக்கமும் கண்டலும் இருப்பது; ஒரு தாளையோ திறப்பையோ கிள்ளிப் பிடிக்க முடியாமல் நழுவுவது; மூட்டு ஆட்டம் கண்டதுபோல் இருப்பது; அந்த இடத்தில் சிறு கட்டி தட்டுப்படுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். வலி குறைவாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். முற்றாக அறுந்த நார், பாதி கிழிந்ததைவிடக் குறைவாக வலிப்பதும் உண்டு.

எங்கள் நண்பர் விழுந்த பின்னும் சைக்கிள் ஓடியே வீடு போனார். ஒன்பது நாட்கள் வேலைக்கும் போனார். கடையில் பத்துப் பவுண் தாள் விரலிடுக்கில் நிற்காமல் நழுவத் தொடங்கிய பின்னர்தான், பத்தாம் நாள் அவசர சிகிச்சை நிலையத்துக்குச் சென்றார். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. ஆயினும் அங்கிருந்த தாதி மூட்டின் தளர்ச்சியைக் கவனித்துக் கை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் நார் அறுந்து வெளியே வந்திருப்பது தெரிந்தது. விழுந்து பதினேழாம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது.

இதிலிருந்து ஒன்றை நினைவில் வையுங்கள்: எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், நாரைக் காட்டாது. "முறிவு இல்லை" என்றால் "காயம் இல்லை" என்று பொருளல்ல. "இணைப்பு நார் சரியாக இருக்கிறதா? கை நிபுணரிடம் காட்ட வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்பது சிரமம் என்றால், என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகப் பெறலாம். வலி மணிக்கட்டுக்கு அருகே, பெருவிரலின் அடிக்குழியில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அங்குள்ள சிறிய எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு.

முதல் இரண்டு நாட்கள்

• மோதிரங்களை உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது.
• ஐஸ் அல்லது உறைந்த பட்டாணிப் பைக்கற்றைத் துவாயில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம்.
• கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் வைத்திருங்கள்.
• எண்ணெய் பூசி உருவுவது, விரலை இழுத்துச் "சொடுக்கு" எடுப்பது, சுடுநீர் ஒத்தடம் கொடுப்பது ஆகியவை வேண்டாம். ஊரில் முறிவு நெறிவு வைத்தியரிடம் போய்ப் பழகிய நமக்கு இது கடினம்தான். ஆனால் பாதி கிழிந்த நாரை இழுத்தால் அது முழுதாக அறுந்து போகலாம்.
• வலிக்குப் பரசிற்றமோல் போதும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும் இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பவர்களும் மருந்தாளரைக் கேட்காமல் ஐபுபுரோஃபென் எடுக்கக் கூடாது.

விரல் கோணியிருந்தால், வெளிறிக் குளிர்ந்திருந்தால், உணர்ச்சி இல்லாமல் இருந்தால், அல்லது காயம் திறந்திருந்தால் காத்திராமல் மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்குச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 111 இலக்கத்தை அழைக்கலாம்.

ஸ்பிளின்ற் அணியும் நாட்கள்

பாதி கிழிந்த நாருக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பெருவிரலை அசையாமல் வைத்திருக்கும் ஸ்பிளின்ற் போதுமானது. சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே காலம் கட்டோ ஸ்பிளின்றோ தேவை. கை சிகிச்சையாளர் ஒரு பிளாஸ்ரிக் தகட்டைச் சுடுநீரில் இளக்கி, உங்கள் கையின் அளவுக்கே வளைத்துச் செய்து தருவார். சுடுநீரில் இளகுவது எதுவோ அது வீட்டுச் சூட்டிலும் இளகும். ஆகவே அதை ஹீற்றர் மேலோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்காதீர்கள்.

கட்டு இருக்கிறது என்பதற்காகக் கை முழுவதையும் முடக்கிவிடக் கூடாது. மற்ற நான்கு விரல்கள், முழங்கை, தோள் ஆகியவற்றை நாளுக்குப் பலமுறை அசையுங்கள். பெருவிரல் நுனி மூட்டை அசைக்கலாமா என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள். நீரிழிவு நம்மவரிடையே அதிகம். அவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகலாம், மூட்டு இறுகுவதும் கூடுதல். எனவே சீனி அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். புகைத்தலும் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

எரிச்சலான வலி நாளுக்கு நாள் கூடினால், கையின் நிறமும் வெப்பமும் மாறினால், புண்ணிலிருந்து சீழ் வந்தால், அல்லது காய்ச்சல் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த நாட்களில் எங்கள் நண்பரை அதிகம் வருத்தியது வலி அல்ல. வலக்கையால் சாப்பிட முடியாமல் இடக்கையில் கரண்டி பிடிக்க வேண்டியிருந்ததும், சட்டைப் பொத்தானுக்கு மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்ததும்தான். வீட்டிலிருப்போர் இதைப் புரிந்து நடப்பது பாதி மருந்து.

பயிற்சி: மெதுவாக, ஆனால் ஒழுங்காக

ஸ்பிளின்ற் கழற்றிய அன்று விரல் இறுகி, மெலிந்து, வேறொருவருடைய விரல்போல இருக்கும். பயப்பட வேண்டாம். முதலில் பெருவிரல் நுனியால் சுட்டுவிரல் நுனியைத் தொடுங்கள். பின் நடுவிரல், மோதிர விரல், சிறுவிரல் என ஒவ்வொன்றாகத் தொடுங்கள். அது இலகுவான பின் சிறுவிரலின் அடியைத் தொட முயலுங்கள். ஒரு தடவையில் நீண்ட நேரம் செய்வதைவிட, கொஞ்சமாக நாளுக்குப் பலமுறை செய்வதே பலன் தரும். பெருவிரலை வெளிப்பக்கமாக விரித்து அழுத்தும் எந்த அசைவும் இப்போது வேண்டாம்.

பலப் பயிற்சி அதன் பின்னர்தான். சிகிச்சையாளர் அனுமதித்த பின் மென்மையான களிமண் உருண்டையைப் பிசையலாம். இளக்கமாகக் குழைத்த ரொட்டி மாவும் அதற்கு உதவும். தையல் இட்ட புண் நன்றாக மூடிய பின், வாசனையற்ற கிறீம் பூசித் தழும்பை வட்டமாகத் தேய்த்துவிட்டால் தோல் உள்ளே ஒட்டாமல் இருக்கும்.

பன்னிரண்டு வாரம் வரை தள்ளி வைக்க வேண்டியவை நம் சமையலறையிலேயே நிறைய உண்டு. இடியப்ப உரலையும் முறுக்கு உரலையும் அழுத்துவது, தேங்காய் துருவுவது, இறுகிய ஊறுகாய்ப் போத்தலைத் திறப்பது, நிறைந்த சட்டியை ஒரு கையால் தூக்குவது எல்லாம் அந்த நாரின் மேல்தான் பாரத்தைப் போடுகின்றன. மிருதங்கம், வீணை பழகும் பிள்ளைகளுக்குக் காயம் ஏற்பட்டால் எப்போது மீண்டும் தொடங்கலாம் என்பதை ஆசிரியர் அல்ல, சிகிச்சையாளரே தீர்மானிக்கட்டும்.

2024 தைப்பொங்கல் அன்று எங்கள் நண்பருக்குப் பத்தாவது வாரம். பொங்கல் பானையைத் தூக்க நாங்கள் விடவில்லை. ஆனால் வாழையிலையில் வைத்த பொங்கலைத் தன் வலக்கையாலேயே அள்ளிச் சாப்பிட்டார்.

வேலையும் வாகனமும்

பிரித்தானியாவில் முதல் ஏழு நாட்களுக்கு நோய் விடுப்பை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதன் பின் தேவையான சான்றிதழை 2022 ஜூலை முதல் வைத்தியர் மட்டுமன்றித் தாதி, மருந்தாளர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோரும் வழங்கலாம். பாரம் தூக்காத வேலை என்றால் போகலாம் என்றும் அதில் எழுதுவிக்க முடியும். கையில் ஸ்பிளின்ற் உள்ளபோது கார் ஓட்டலாமா என்று வைத்தியரையும் காப்புறுதி நிறுவனத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீண்டும் சைக்கிளில்

வலி போய்விட்டது என்பது மட்டும் போதாது. நின்ற நிலையில் இரண்டு பிரேக்கையும் முழுப் பலத்தோடு அழுத்திப் பாருங்கள். கியர் மாற்றிப் பாருங்கள். ஹான்டிலை இறுகப் பிடித்து உடல் பாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். இந்த மூன்றும் வலியின்றி முடிந்தால், சிகிச்சையாளரின் சம்மதத்தோடு வாகனமில்லாத பூங்காவில் தொடங்கலாம். அதுவரை வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளே நல்லது. இலையுதிர் காலத்தில் ஈர இலைகள், இரும்பு மூடிகள், ட்ராம் தண்டவாளங்கள் மேல் போகும்போது திருப்பவோ திடீரென பிரேக் பிடிக்கவோ வேண்டாம். தண்டவாளத்தை முடிந்தவரை நேர் குறுக்காகக் கடவுங்கள். கையுறை தோலைக் காக்கும், நாரைக் காக்காது.

சில மாதங்கள் வரை குளிர்நாளில் மூட்டு விறைப்பதும், மாலையில் சிறிது வீங்குவதும் வழமை. பொறுமையோடு பயிற்சியைத் தொடர்ந்தால் பெரும்பாலானோர் நன்றாகக் குணமடைகிறார்கள். விழுந்த முதல் வாரத்தில் அவசரப்படுங்கள். அதன் பின்வரும் மாதங்களில் பொறுமையாக இருங்கள். நம்மில் பலர் இதை மாற்றிச் செய்கிறோம்.

இங்கே தந்திருப்பவை பொதுவான தகவல்களே. உங்கள் கைக்கு எது பொருத்தம் என்பதை உங்களைப் பரிசோதித்த வைத்தியரே சொல்ல வேண்டும்.