கடை எங்கே வைப்பது? கணக்குச் சொல்லும் வரைபடம்

விவசாயிகள் ஒன்று சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குவது பரவலாகி வருகிறது. 2002-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வழி வகுத்தது. 2020-இல் மத்திய அரசு 10,000 உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சமவெளிப் பகுதியில் ஓர் அமைப்புக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும் என்று அத்திட்டம் வரையறுத்தது.

இவ்வமைப்புகளில் பல, முதல் வேலையாக உரம், விதை, பூச்சி மருந்து விற்கும் இடுபொருள் கடையைத் திறக்கின்றன. கடைக்கு இடம் தேர்ந்தெடுப்பது எப்படி? பெரும்பாலும் வாடகை குறைவாக இருக்கும் இடம், தலைவரின் ஊர், இயக்குநர் ஒருவரின் காலிக் கட்டடம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் முடிவாகிறது. இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நடுவில் கடை போடுவதும் உண்டு.

இந்த முடிவில் பணயமாக இருப்பது சிறு விவசாயிகளின் பங்குத் தொகையாகும். உரம், பூச்சி மருந்து விற்பனை உரிமம் குறிப்பிட்ட முகவரிக்கே தரப்படுகிறது. கடையை மாற்ற நேர்ந்தால் உரிமத்திற்கு மீண்டும் அலைய வேண்டும். கிடங்குச் செலவும் இரட்டிப்பாகும். எனவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கணக்குப் போடுவது நல்லது. இதற்கு உதவுவதே ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித் தகவல் முறை.

முறை என்ன?

கிராமப் படத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்துச் சாலைகளை மட்டும் வரைகிறோம். அடுத்த தாளில் ஆறு, வாய்க்கால்களையும், மூன்றாவதில் நெல் வயல்களையும், நான்காவதில் கடைகளையும் குறிக்கிறோம். எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த வயலுக்கு எந்தக் கடை அருகில் என்பது தெரியும். இதையே கம்ப்யூட்டர் செய்வதுதான் புவித் தகவல் முறை. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் பெயர், பரப்பு, பயிர், விற்பனை ஆகிய விவரங்களைச் சேர்த்து வைக்கவும், வேண்டும்போது கூட்டிக் கழிக்கவும் இதில் வசதி உண்டு.

இம்முறை பிறந்ததே நிலக் கணக்கெடுப்பில்தான். 1960-களில் கனடா நாட்டு அரசு தன் நிலங்களின் தரத்தைக் கணக்கெடுத்தது. விவசாயத்துக்கு ஏற்ற தன்மையை வைத்து மண் ஏழு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. அந்த ஏராளமான படங்களைக் கையால் ஒப்பிட முடியாது என்பதால் ராஜர் டாம்லின்சன் என்பவர் கம்ப்யூட்டர் முறை ஒன்றை உருவாக்கினார். பிற்காலத்தில் அதே முறை பெரிய வணிக நிறுவனங்களின் கைக்குப் போய், கடைக்கும் கிடங்குக்கும் இடம் பார்க்கப் பயன்பட்டது. இன்று அது விவசாயிக்கும் எட்டும் நிலையில் இருக்கிறது.

ஏக்கரில் இருந்து மூட்டை

முதலில் தெரிய வேண்டியது தேவையின் அளவு. எந்த ஊரில் எத்தனை ஏக்கரில் என்ன பயிர் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் கூறும். செயற்கைக்கோள் படத்தாலும் இதைச் சரிபார்க்கலாம். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் தரும் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஓர் ஏக்கர் நிலம் ஏறக்குறைய 40 கட்டங்களாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைத்துவிடும் என்பதால் சம்பாப் பயிருக்கு ரேடார் படங்களே உகந்தவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரேடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பைக் கணித்திருக்கிறது.

பரப்பு தெரிந்தால் மூட்டைக் கணக்கு எளிது. நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்று வைத்துக் கொள்வோம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். முழுவதையும் யூரியாவாக இட்டால் ஏக்கருக்கு 130 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் ஏக்கருக்குச் சுமார் 2,900 மூட்டை. டி.ஏ.பி. இடுகிறவர்களுக்கு யூரியா அந்த அளவுக்குக் குறையும். கூட்டுறவுக் கடன் சங்கம் வழக்கமாக விற்கும் அளவையும் இதில் கழித்துவிட வேண்டும்.

தூரத்தை அளப்பது

படத்தில் காம்பஸ் வைத்து 5 கி.மீ. வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர் எல்லாம் நம் வாடிக்கையாளர் என்று நினைப்பது பெரிய தவறு. ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்களுக்கு நேர்க்கோட்டுத் தூரம் 2 கி.மீ. இருக்கலாம், பாலத்தைச் சுற்றி வர 15 கி.மீ. ஆகலாம். மொபெட்டில் இரண்டு மூட்டை ஏற்றிச் செல்பவருக்கு ரயில்வே கேட்டும் மண் சாலையும் கூடத் தூரமே. ஆகவே சாலை வழியே, பயண நேரத்தைக் கொண்டே எல்லை வரைய வேண்டும்.

எத்தனை பேர் வருவார்கள்?

அருகில் கடை இருந்தாலும் எல்லோரும் அங்கேயே வாங்குவதில்லை. டவுனில் உள்ள பெரிய கடையும் இழுக்கும். 1960-களில் டேவிட் ஹஃப் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு கணக்கைத் தந்தார். கடையின் அளவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அதன் இழுப்புச் சக்தி கிடைக்கும். எல்லாக் கடைகளின் இழுப்பையும் கூட்டி, அதில் நம் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். கீழூரில் 700 ஏக்கர் நெல், மேலூரில் 300 ஏக்கர். இரண்டுக்கும் இடையே சாலைத் தூரம் 8 கி.மீ. டவுன் கடை 1,800 சதுர அடி; இரு ஊருக்கும் 12 கி.மீ. அதன் இழுப்பு 1,800-ஐ 144-ஆல் வகுக்க 12.5. சங்கத்தின் புதிய கடை 200 சதுர அடி.

நடுவில், இரு ஊருக்கும் 4 கி.மீ.யில் கடை வைத்தால் 200-ஐ 16-ஆல் வகுக்க அதே 12.5. எனவே பாதிப் பேர் வருவார்கள். கிடைப்பது 500 ஏக்கரின் வியாபாரம்.

கீழூருக்கு 2 கி.மீ., மேலூருக்கு 6 கி.மீ.யில் வைத்தால் கீழூரில் நூற்றுக்கு 80 பேரும், மேலூரில் 31 பேரும் வருவார்கள். கிடைப்பது 653 ஏக்கர்.

மேலூர் பக்கம் வைத்தால் 457 ஏக்கர் மட்டுமே.

ஆக, பொதுவாக இருக்கட்டும் என்று நடுவில் வைத்த கடை, பருவத்துக்குச் சுமார் 440 மூட்டை யூரியா வியாபாரத்தை இழக்கிறது. யூரியாவில் லாபம் சொற்பமே. ஆனால் யூரியாவுக்கு வருகிறவர்தான் விதையும் மருந்தும் வாங்குகிறார். அந்த விற்பனையும் சேர்ந்தே போய்விடும்.

தூரத்தின் வர்க்கம் என்பது மாறாத விதியல்ல. சில ஊர்களில் தூரத்தைப் பொருட்படுத்த மாட்டார்கள். கடந்த பருவத்தில் உரத்தை எங்கே வாங்கினார்கள் என்று ஐம்பது உறுப்பினர்களைக் கேட்டு, அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக் கொள்ள வேண்டும்.

படத்தில் தெரியாதவை

டவுன் வியாபாரி அறுவடை வரை கடன் தருகிறார். மண்டியில் முன்பணம் வாங்கியவர் அங்கேயே உரமும் வாங்கக் கடமைப்பட்டவர். சந்தை நாளன்று டவுனுக்குப் போகிறவர் வரும் வழியில் மூட்டையையும் ஏற்றி வருவார். இவை எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் தெரியா. நேரில் கேட்டுத்தான் அறிய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்வாரியாகச் சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர் எண்ணிக்கை உண்டு என்றாலும், அது பழைய விவரம் என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

தொடங்குவது எப்படி?

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. 2002-இல் தொடங்கப்பட்ட கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். இஸ்ரோவின் ‘புவன்’ தளம் 2009 முதல் படங்களைத் தருகிறது. ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’பில் இருந்து சாலைகளைப் பெறலாம். உறுப்பினரின் வயலில் நின்று செல்போனிலேயே இருப்பிடத்தைக் குறிக்கலாம். கம்ப்யூட்டர் படித்த உறுப்பினர் வீட்டுப் பிள்ளை ஒருவர் பழகிக் கொண்டால் போதும்.

இரண்டு மூன்று இடங்களைப் படத்தில் வைத்துக் கணக்கிட்டு, முடிவைப் பொதுக்குழுவில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். மேற்சொன்ன உதாரணத்தில் மேலூர்க்காரர்களும் பங்குத் தொகை கட்டியவர்களே. கடை கீழூர்ப் பக்கம் அமையுமானால், அடியுரம், மேலுரம் இடும் வாரங்களில் மேலூருக்கு வண்டியில் உரம் அனுப்புவது என்று அதே கூட்டத்தில் தீர்மானித்துவிட வேண்டும். அதற்கான வாடகையையும் கடைக் கணக்கிலேயே சேர்த்துப் பார்த்த பிறகு, கட்டடத்துக்கு முன்பணம் கொடுக்கலாம்.