‘பிளேட்லெட் எவ்வளவு?’ - அதையும் தாண்டிப் பேசுங்கள்!

இரவு 9 மணி. சென்னையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய் வார்டில், தூங்கும் மகனுக்குப் பக்கத்தில் அம்மா. சொந்த ஊரில் கடையைப் பூட்டிவிட்டு அப்பா போன் செய்கிறார்.

“பிளேட்லெட் எவ்வளவு?”

“40 ஆயிரம்.”

“காய்ச்சல் இருக்கா?”

“இல்லைங்க. பாப்பா சாப்பிட்டாளா?”

“ம்... அம்மா ஊட்டிவிட்டாங்க.”

அவ்வளவுதான். போனை வைத்ததும், ‘இவருக்குக் கவலையே இல்லையோ?’ என்று வார்டில் அவர் கண் கலங்குகிறார். பூட்டிய கடை வாசலில், யாரும் பார்க்காதபடி இவரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஒருவர் அழுதது இன்னொருவருக்குத் தெரியாது.

குழந்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு பல தம்பதிகளின் பேச்சு இப்படித்தான் சுருங்கிவிடுகிறது.

நீண்ட பயணம் இது

குழந்தைகளை அதிகம் தாக்குவது ‘அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா’ எனும் ரத்தப் புற்றுநோய். இதற்கான சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். வசதியான நாடுகளில் புற்றுநோய் பாதித்த குழந்தைகளில் 80 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் குணமடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரிலும் சிகிச்சையை முழுமையாக முடித்து, மீண்டும் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் பலர் உண்டு.

ஆனால், அத்தனை மாதங்களும் அம்மா ஓர் ஊர், அப்பா ஓர் ஊர் என்றிருந்தால் கணவன் மனைவி உறவு என்னவாகும்?

நார்வே, டென்மார்க் நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளில், குழந்தைக்குப் புற்றுநோய் வந்ததால் பெற்றோரிடையே விவாகரத்து அதிகரித்துவிடவில்லை என்றே தெரியவந்தது. உறவு உடைந்தே தீரும் என்ற பயம் வேண்டாம். ஆனால், உடையாத உறவிலும் மௌனம் வளரலாம்.

அழுபவரும் அழாதவரும்

ஒருவர் அழுது ஆற்றிக்கொள்வார். இன்னொருவர் பணத்துக்கும் ரத்த தானத்துக்கும் ஓடி ஓடியே துக்கத்தை மறக்கப் பார்ப்பார். ஒருவர் நள்ளிரவில் கூகுளில் நோயைப் பற்றித் தேடுவார். இன்னொருவருக்கு அந்தப் பேச்சே வேண்டாம். ‘கல் மனசு’ என்று இவரும், ‘அழுதே குழந்தையைப் பயமுறுத்துறா’ என்று அவரும் நினைத்தால், விரிசல் அங்கே ஆரம்பிக்கிறது. துக்கம் ஒன்றுதான், அதைத் தாங்கும் விதம்தான் வேறு.

யார் மேல் தப்பு?

‘உங்க வம்சத்துல யாருக்காவது இருந்துச்சா?’ என்று உறவினர் கேட்கும் ஒரு கேள்வி போதும், அம்மாவை நொறுக்க. குழந்தைப் பருவப் புற்றுநோய்களில் சுமார் 10 சதவிகிதத்துக்குத்தான் மரபணு ரீதியான காரணம் இருக்கிறது. அதுவும் யாருடைய குற்றமும் அல்ல. கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதையோ, மருத்துவமனைக்குப் போகத் தாமதமானதையோ சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள். உறவினர் பேசினால், அங்கேயே துணைக்காகப் பேசுங்கள். தனியறையில் சொல்லும் ஆறுதலைவிட அது பெரிது.

என்ன செய்யலாம்?

* முக்கியமான நாள்களில் டாக்டரை இருவரும் சேர்ந்து பாருங்கள். முடியாவிட்டால் டாக்டரின் அனுமதியோடு போனில் இணையுங்கள். ஒருவர் கேட்டு வந்து இன்னொருவருக்குச் சொல்லும்போது பாதி பயமாக மாறிவிடுகிறது.

* மாதத்தில் சில நாள்களாவது இடம் மாறுங்கள். அப்பா வார்டில் இருக்கட்டும். அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும், இன்னொரு குழந்தையைக் கொஞ்சட்டும். மருந்து நேரத்தை அப்பாவும் கற்றுக்கொள்ள வேண்டும். கீமோ காலத்தில் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

* நகை அடகு, வட்டிக்கடன் எதையும் மறைக்காதீர்கள். ‘அவ ஏற்கெனவே நொந்திருக்கா’ என்று மறைப்பது, பின்னாளில் நம்பிக்கையைக் குலைக்கும்.

* விசாரிக்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைச் சித்தப்பா, அத்தை என ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

* தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் தாமதிக்காதீர்கள். மருத்துவமனையின் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

சிகிச்சை முடிந்த பிறகு...

‘எல்லாம் முடிந்தது’ என்று ஊர் மகிழும்போதுதான் சில பெற்றோருக்கு அழுகை பொங்கும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த மனம் அப்போதுதான் நிற்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கும் நெஞ்சு பதறும். இது இயல்புதான். குழந்தையை இழக்க நேர்ந்த தம்பதிக்கோ, ஒருவர் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னொருவரால் அதைப் பார்க்கவே முடியாது. அங்கேயும் ஒருவரை ஒருவர் அவசரப்படுத்தாமல் இருப்பதே அன்பு.

இன்றிரவு போன் செய்யும்போது பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: “நீ சாப்பிட்டியா?”