கந்தல் துணி காப்பாற்றிய கிராமம்

கிறிஸ்துமஸ் வருகிறது என்றால் வீட்டுக்குப் புதுத் துணி வரும். குழந்தைகள் துள்ளிக் குதிக்கும். ஆனால், கிழிந்த பழைய துணியை வைத்தே குளிரையும் வறுமையையும் எதிர்த்து நின்ற கிராமம் ஒன்று உண்டு. அது இருப்பது பணக்கார நாடான அமெரிக்காவில்!

கிராமத்தின் பெயர் ஜீஸ் பெண்ட். அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் ஆறு. வெளியே போக ஒரே ஒரு சாலை.

பருத்திக் காட்டு அடிமைகள்

1816-ம் ஆண்டில் ஜோசப் ஜீ என்ற வெள்ளைக்காரர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். பாடுபட்டவர்கள் கறுப்பின அடிமைகள். 1845-ல் தோட்டம் மார்க் பெட்வே என்பவரிடம் போயிற்று. நிலத்தோடு மனிதர்களும் கைமாறினார்கள்! எசமானின் பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்த ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வேதான்.

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் கிடைக்கவில்லை. அதே மண்ணை வாரத்துக்கு உழுதார்கள். விதையும் கடன், உரமும் கடன், சாப்பாட்டுச் சாமானும் கடன். பருத்தி விற்றுக் கடனை அடைப்பார்கள். மறுநாளே புதுக் கடன் தொடங்கும்.

வண்டிகள் வந்தன!

பருத்தி விலை சரிந்தது. கடன் ஏறியது. 1932-ல் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்து போனார். அவருடைய மனைவி பாக்கியை உடனே கேட்டார். கொடுக்க யாரிடம் பணம் இருந்தது?

ஆட்கள் வண்டிகளோடு வந்தார்கள். மாடு, பன்றி, கோழி, கலப்பை, சேமித்து வைத்திருந்த சோளம், எதையும் விடவில்லை. அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுமார் 60 குடும்பங்கள் வெறுங்கையோடு நின்றன.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அந்த ஊருக்கு அப்படித்தான் வந்தது. வேட்டையில் கிடைத்ததும், ஆற்று மீனும், செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவுமே உயிரைக் காத்தன.

பசிக்கு அது. குளிருக்கு?

மூன்று அடுக்குப் போர்வை

வீடுகள் மரக்கட்டையால் கட்டியவை. இடுக்கெல்லாம் காற்று புகும். சுவரில் பழைய பத்திரிகைத் தாளை ஒட்டி அடைத்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு இருந்த ஒரே துணை ‘குவில்ட்’.

குவில்ட் என்றால் ஒட்டுத்துணிப் போர்வை. அதில் மூன்று அடுக்கு. மேலே, பழைய துணித் துண்டுகளை இணைத்த விரிப்பு. நடுவே பஞ்சு. அடியில் மாவு மூட்டைத் துணி. முழங்கால் தேய்ந்த கால்சட்டை, கிழிந்த சட்டை, பழைய பாவாடை எதையும் எறிய மாட்டார்கள்.

மேல் விரிப்பை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாக இணைப்பாள். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதோ கூட்டு வேலை! மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டுவார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்காருவார்கள். பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டே ஊசியை ஓட்டுவார்கள். இன்று உன் வீட்டுப் போர்வை. நாளை என் வீட்டுப் போர்வை!

கணவனின் சட்டை

1942-ல் மிசௌரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்தார். அவர் வயலுக்கு உடுத்திய துணிகளை அவள் எடுத்தாள். மகளையும் உடன் வைத்துக்கொண்டு ஒரு குவில்ட் தைத்தாள். அவர் நினைவாக வைத்திருக்கவும், அதைப் போர்த்திக்கொண்டு படுக்கவும் ஆசைப்பட்டாள். உழைத்து வெளுத்த அந்தத் துணியில் குடும்பத்தின் கதையே இருந்தது.

ஓட்டுக் கேட்டதற்குத் தண்டனை

ஜீஸ் பெண்ட் இருப்பது வில்காக்ஸ் மாவட்டத்தில். அங்கே பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அப்படியிருந்தும் 1965-ம் ஆண்டு தொடங்கியபோது, அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை!

அந்தப் பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். மக்கள் பெயரைப் பதியப் புறப்பட்டார்கள். அலுவலகம் இருந்த கேம்டன் நகரம் ஆற்றுக்கு அக்கரையில். படகுப் போக்குவரத்தோ 1962-லேயே நின்றுவிட்டது. பல மைல் சுற்றித்தான் போக வேண்டும். போனார்கள்!

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? மாவட்டத்தில் பலருக்கு வேலை போயிற்று. குத்தகை நிலத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் குடும்பங்கள் விரட்டப்பட்டன.

கொடியில் தொங்கிய அதிசயம்

1965 டிசம்பர். மீண்டும் ஒரு கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரான்சிஸ் வால்டர் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் அந்தப் பக்கம் வந்தார். ஒரு குடிசை முன்னே, துணிக் கொடியில் குவில்டுகள் தொங்கின. நிறமும் அமைப்பும் கண்ணைப் பறித்தன. விசாரிக்க நெருங்கினார். வீட்டுக்காரப் பெண் அவரைக் கண்டதும் காட்டுக்குள் ஓடிவிட்டாள்! வெள்ளைத் தோலைக் கண்டால் அவ்வளவு பயம்.

பாதிரியார் மனம் தளரவில்லை. அந்த வட்டாரத்துப் பெண்களிடம் ஒரு குவில்டுக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கினார். நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். பிள்ளைகளைப் போர்த்திய கந்தல் துணி, பணமாக மாறியது!

1966 மார்ச்சில் சுமார் 60 பெண்கள் கூடிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பெயர் ‘பிரீடம் குவில்டிங் பீ’. சுதந்திரத் தையல் கூட்டம் என்று பொருள். எஸ்டல் விதர்ஸ்பூன் என்ற பெண்மணி நிர்வாகத்தை ஏற்றார். 1969-ல் சொந்தத் தையற்கூடம் எழுந்தது. சங்கம் நிலமும் வாங்கியது. விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அதிலிருந்து வீட்டு மனை விற்றது.

1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கடை, தலையணை உறை தைக்கும் வேலையைக் கொடுத்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துணியைப் பெண்கள் வீணாக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடியும் குவில்ட் தைத்தார்கள்!

கொடியிலிருந்து கலைக்கூடத்துக்கு

2002-ல் ஹூஸ்டன் கலைக்கூடத்தில் ஜீஸ் பெண்ட் குவில்டுகளின் கண்காட்சி நடந்தது. பிறகு நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்திலும் நடந்தது. 2006-ல் அமெரிக்கத் தபால் துறை பத்துக் குவில்டுகளைத் தபால் தலையாக வெளியிட்டது. அதே ஆண்டில்தான் படகும் மறுபடி ஓடியது. நின்றுபோய் 44 ஆண்டுகள் ஆகியிருந்தன!

சங்கம் 2012-ல் மூடப்பட்டது. தையல் மூடப்படவில்லை. 2022 முதல் குவில்டுகளைக் கொடியில் உலர்த்தும் திருவிழா நடந்து வருகிறது.

அமெரிக்கக் கதாசிரியர்களுக்கும் குவில்டின் மேல் தனி ஆசை உண்டு. ஜெனிபர் சியாவெரினி 2005-ல் ‘கிறிஸ்துமஸ் குவில்ட்’ என்று ஒரு நாவலே எழுதினார். ஒரு குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்தும் முடியாமல் கிடந்த போர்வையின் கதை அது. ஜீஸ் பெண்டில் நடந்ததோ கதையல்ல, வாழ்க்கை.

ஒருத்தி தைத்தபோது அது ஒரு வீட்டின் குளிரைத் தடுத்தது. ஊர்ப் பெண்கள் சேர்ந்து தைத்தபோது அது சோறு போட்டது. விரட்டப்பட்டவர்களுக்கு வீட்டு மனை தந்தது. அஞ்சி ஓடியவர்களை நிமிர்ந்து நிற்கவும் வைத்தது. அத்தனைக்கும் முதல், கிழிந்த துணியும் ஓர் ஊசியும்தான்!