விரிவுரை கேட்கும் முறை

நாவற்குடாவிலே, கல்முனை வீதியோரத்தில், காலை வேளையிற் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மாணவர் சிலரைக் காணலாம். கல்லடிப் பாலத்தால் வாவியைக் கடந்து, மட்டக்களப்பு நகரத்தில் வேறு பஸ் ஏறி, ஏறாவூரும் செங்கலடியும் தாண்டி, வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வாயிலில் அவர்கள் இறங்குவர். 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986 இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிலையம் அது. இத்தனை வழி போய் வருவோர் அங்கிருந்து எதைக் கொண்டு திரும்புகின்றனர்?

பலர் கொண்டு வருவது கொப்பி நிறைந்த எழுத்து. உயர்தர வகுப்பிலே ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை, பல்கலைக்கழகத்திலும் அவ்வாறே ஓடுகின்றது. எழுதாதோர் கைத்தொலைபேசியாற் பலகையைப் படம் பிடித்துக் கொள்கின்றனர். இன்னும் சிலர், மூத்த மாணவரின் குறிப்புகளைப் போட்டோப் பிரதி எடுத்துவிட்டால் வகுப்புக்குச் செல்வதே வீண் என்பர். வரவுப் பதிவுக்காக மாத்திரம் வந்து கடைசி வாங்கில் அமர்வர். இவர்களை முற்றாகக் குறை கூறவும் இயலாது. நூலிலுள்ளதை அப்படியே வாசித்துவிட்டுப் போகும் விரிவுரையும் உலகில் உண்டு. ஆயினும் மூன்றாண்டோ நான்காண்டோ கழிந்த பின், பட்டச் சான்றிதழுடன் வெறுங் கொப்பிகளே எஞ்சுமாயின் இழப்பு யாருடையது? குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைக்கு அது சிறிய இழப்பன்று.

இந்நோய் புதியதன்று. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரை வகைப்படுத்தினார். அன்னமும் பசுவும் முதன்மாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைப்பட்டோர்க்கு. கடைப்பட்டோர்க்குக் கூறிய உவமைகளுள் ஒன்று நெய்யரி. நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடம் நிறுத்திக் கொள்ளும் பன்னாடை அது. விரிவுரையாளர் சொன்ன ஆண்டையும் பெயரையும் வரி தவறாது எழுதிவிட்டு, அவர் எதை நிறுவ முயன்றார் என்பதை விட்டுவிடும் கொப்பியைப் பார்க்குந்தோறும் எனக்கு அவ்வுவமையே நினைவுக்கு வரும்.

அதே பாயிரம் இன்னொரு கணக்கும் சொல்கின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்றாகவே மனங்கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோரோடு ஆராய்தலால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவது. எனவே விரிவுரை மண்டபத்தை முழுக் கல்வி எனக் கொள்வதும் பிழை. காற்பங்குதானே என்று அதனைத் தள்ளிவிடுவதும் பிழை. முதற் காற்பங்கு இன்றி மற்றவை எங்கிருந்து வரும்?

அதைப் பெறுதற்கு வழி கடினமானதன்று. அன்றைய பொருள் பற்றிய நூற்பகுதியை முதல் நாளிரவு கால் மணி நேரமாவது புரட்டிவிட்டுச் செல்ல வேண்டும். விளங்காவிட்டாலும் குற்றமில்லை, விளங்காத இடம் எது என்று தெரிந்து செல்பவனுக்குக் காது தானே திறந்துகொள்ளும். சொல்வதையெல்லாம் எழுதாது, கேட்டு விளங்கியதைத் தன் சொல்லிலே சுருக்கி எழுத வேண்டும். பக்கத்தின் ஓரத்தைச் சிறிது வெறுமையாக விட்டால், பின்னர் எழும் கேள்விகளுக்கு இடமிருக்கும். எர்மன் எபிங்கௌசு என்னும் செர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, மறதியை அளந்து 1885 இல் நூல் வெளியிட்டார். மறதி மிக விரைவாக நிகழ்வது கற்ற சில மணி நேரத்துள் என்பது அவர் கண்டது. ஆதலால் அன்றிரவே கொப்பியை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்தல் நன்று. பரீட்சைக்கு முந்திய வாரத்து விழிப்பு இதற்கு ஈடாகாது.

தமிழிற் படித்து வந்து, விஞ்ஞானத்தையோ மருத்துவத்தையோ ஆங்கிலத்திற் கேட்கும் மாணவரின் துயரம் தனியானது. முதலாண்டிற் பொருள் விளங்காமையை மொழி விளங்காமை மறைத்துவிடும். மாணவர் தம் அறிவையே ஐயுறுவர். அவர்கள் கலைச்சொற்களுக்கு ஒரு சிறு கொப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் பொருளையும் தமிழில் ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பார்ப்பாராக. தமிழில் எழுத வராத கருத்து ஆங்கிலத்திலும் விளங்கியிராது.

நாவற்குடாவுக்கு அண்மையில், கல்லடி உப்போடையிலே, சிவானந்த வித்தியாலய வளவில் விபுலாநந்த அடிகளின் சமாதி உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர். விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்ற அவர், 1924 இல் மதுரைத் தமிழ்ச் சங்க விழாவில் நாடகம் பற்றி ஆற்றிய விரிவுரையே பின்னர் வளர்ந்து 'மதங்க சூளாமணி' என்னும் நூலாயிற்று. விரிவுரை ஆற்றுபவனுக்கே அது தொடக்கமாயிருக்க, கேட்பவன் அதை முடிவென்று கொள்வது எப்படி?

வந்தாறுமூலையிலிருந்து திரும்பும் பஸ்ஸிலே, நின்றபடியே, ஒருவன் அன்றைய பாடத்தைத் தோழனுக்கு விளக்கிக்கொண்டு வரலாம். பாதி வழியில் அவன் தடுமாறுவான். "இதற்கு மேலே எனக்கும் தெரியாது" என்பான். மறுநாள் விரிவுரையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்த இடத்திலேதான் இருக்கின்றது.